சிவப்பு கேசட், நீல கேசட்: லிவர்பூலில் ஒரு நாள்

மான்செஸ்டரில் படிக்கும் மகளைப் பார்க்க 2024 ஜூனில் போயிருந்தேன். "சனிக்கிழமை முழுக்க உங்களுக்குத்தான்பா. எங்க போகணும், சொல்லுங்க" என்றாள். நான் யோசிக்கவே இல்லை.

"லிவர்பூல்."

"ஃபுட்பாலா? இப்ப சீசன் இல்லையேப்பா."

"பீட்டில்ஸ்மா."

சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டில் பீட்டில்ஸ் என்றால் ஒரு பழைய சண்டை. அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

1985-ல் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, சீனியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது என்னிடம் ஒரு கேசட்டை விட்டுப் போனார். பீட்டில்ஸ் பாடல்களின் தொகுப்பு. சிவப்பு அட்டை. மாடிப்படி கைப்பிடியில் சாய்ந்தபடி நான்கு இளைஞர்கள் கீழே பார்த்துச் சிரிக்கும் படம். '1962–1966' என்று மட்டும் தலைப்பு. என் அரைகுறை ஆங்கிலத்துக்கே புரிகிற மாதிரி பாட்டுகள். கிடார், டிரம்ஸ், கூடச் சேர்ந்து கைதட்டத் தோன்றும் தாளம். அந்த வருடம் முழுக்க அதுதான் ஓடியது.

அதன் ஜோடி ஒன்று உண்டு, நீல அட்டை, '1967–1970' என்று தெரிந்ததும் மெஸ் பணத்தில் மிச்சம் பிடித்து மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். அதே மாடிப்படி, அதே நால்வர். ஆனால் முடியும் தாடியுமாக வேறு ஆட்கள்! சிவப்பு அட்டைப் படம் 1963-ல் எடுத்தது, நீலம் 1969-ல். நடுவில் ஆறே வருடம்.

அறைக்கு வந்து போட்டேன். முதல் பாட்டு 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. புல்லாங்குழல் மாதிரி ஏதோ தள்ளாடியது. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பாடுவது போல் ஒரு குரல். சரிதான், டேப் இழுத்துக்கொண்டுவிட்டது, அல்லது பிளேயரின் ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். கேசட்டை எடுத்துக்கொண்டு கடைக்கே திரும்பிப் போனேன். கடைக்காரர் தன் டெக்கில் போட்டுக் காட்டினார். அங்கேயும் அப்படித்தான் தள்ளாடியது. "பாட்டே அப்படித்தான் தம்பி" என்றார்.

அன்றிலிருந்து நான் சிவப்புக் கட்சி. செல்போனில் பீட்டில்ஸ் கேட்டு வளர்ந்த என் மகள் நீலக் கட்சி. "உங்க சிவப்பெல்லாம் நல்லாத்தான்பா இருக்கு, நர்சரி ரைம் மாதிரி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே எம்பயர் தியேட்டர். பீட்டில்ஸ் சொந்த ஊர் மேடையில் கடைசியாகப் பாடியது இங்கேதான், 1965 டிசம்பர் 5-ல். அதற்குப் பிறகு எட்டே மாதம். 1966 ஆகஸ்ட் 29-ல் சான் பிரான்சிஸ்கோவில் டிக்கெட் போட்ட கச்சேரிக்கே முழுக்குப் போட்டுவிட்டார்கள்.

அங்கிருந்து நடந்தால் மெர்சி நதிக்கரை. ராயல் ஆல்பர்ட் டாக் என்கிற பழைய துறைமுகக் கிடங்குகள் இப்போது மியூசியங்களும் ஓட்டல்களுமாக மாறியிருக்கின்றன. செங்கல் கட்டடங்கள், நடுவே தண்ணீர், தலைக்கு மேலே சண்டைக்கார கடற்பறவைகள். கையில் சாண்ட்விச் இருந்தால் ஜாக்கிரதை. என் மகள் பாதியைப் பறிகொடுத்தாள்.

இங்கிருந்துதான் பீட்டில்ஸ் ஊர்சுற்றிப் பேருந்து கிளம்புகிறது. சுமார் இரண்டு மணி நேரம். பேருந்துக்கு 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயரில் பீட்டில்ஸ் ஒரு டி.வி. படம் எடுத்தார்கள். 1967 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பி.பி.சி. அதை ஒளிபரப்பியது. கலரில் எடுத்த படம், கறுப்பு வெள்ளையில் வந்தது. இவர்களுக்கு என்ன ஆச்சு என்று பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. தோற்றுப்போன படத்தின் பெயரில் இன்றைக்குப் பேருந்து நிறைந்து ஓடுகிறது.

எங்களுக்கு எதிர் வரிசையில் இரண்டு பாட்டிகள், அவர்களோடு ஒரு பையன். மூத்தவருக்கு 79 வயது, இளையவருக்கு 73. அக்கா, தங்கை, இருவருமே லிவர்பூல்காரர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த தங்கையின் பேரனுக்கு ஊரைக் காட்டுவதற்காக வந்திருந்தார்கள். பையன் காதில் இயர்போன் மாட்டியிருந்தான். அதில் நிச்சயம் பீட்டில்ஸ் ஓடவில்லை.

"எங்கேயிருந்து வர்றீங்க, லவ்?" என்று மூத்தவர் கேட்டார். இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரும் 'லவ்'தான். டிக்கெட் கொடுப்பவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அவர்கள் பேச்சில் ஒரு ராகம் இருக்கிறது. ஆரம்பத்தில் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. மகள் மொழிபெயர்த்தாள், இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கு!

வழிகாட்டி மைக்கைப் பிடித்தார். பேருந்து கிளம்பியதும் ஸ்பீக்கரில் பழைய பாட்டு ஒன்று. மூத்தவரின் கால் தானாகத் தாளம் போட்டது. "இதுதான் பாட்டு" என்றார் என்னைப் பார்த்து. நான் உற்சாகமாகிவிட்டேன். "நானும் இந்தக் கட்சிதான்" என்றேன்.

"ஐயோ, இன்னொருத்தர் கிடைச்சுட்டார்" என்று தங்கை தலையில் கைவைத்துக்கொண்டார். அடுத்த நிமிடம் என் மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பேருந்தில் இரண்டு அணி.

மூத்தவர் 1961-ல் பதினாறு வயதில் டேல் ஸ்ட்ரீட்டில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்தவர். மதிய உணவு இடைவேளையில் நடந்து போகிற தூரத்தில் மேத்யூ ஸ்ட்ரீட். இருபுறமும் பழக்கிடங்குகள். அதில் ஒரு கிடங்கின் நிலவறைதான் கேவர்ன் கிளப். மதியக் கச்சேரிக்கு ஒரு ஷில்லிங். மது கிடையாது. சூப், ரொட்டி, காபி. மூன்று செங்கல் வளைவுகள், காற்றே வராது. சுவரிலிருந்து வியர்வை மாதிரி ஈரம் வழியும். அழுகிய பழ வாசனையும் ஃபினாயில் வாசனையும் உடுப்பில் ஏறிக்கொள்ளும்.

"ரெண்டு மணிக்குத் திரும்பிப் போனா, எங்க போயிருந்தேன்னு மேனேஜருக்கு மூக்கே சொல்லிடும்."

பீட்டில்ஸ் அங்கே முதன்முதலில் வாசித்தது 1961 பிப்ரவரி 9-ல். கடைசியாக 1963 ஆகஸ்ட் 3-ல். இடைப்பட்ட காலத்தில் 292 முறை என்கிறது கிளப்பின் கணக்கு. மேடைக்கும் முதல் வரிசைக்கும் கை நீட்டினால் தொடுகிற தூரம். தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, மேடையிலேயே சாப்பிட்டுக்கொண்டு, கீழே இருப்பவர்களோடு அரட்டை அடித்துக்கொண்டு வாசிப்பார்களாம். சீட்டில் பாட்டுப் பெயரை எழுதிக் கொடுத்தால் அதை வாசிப்பார்களாம்.

"முதல்ல சூட் போட்டாங்க" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார் மூத்தவர். பக்கத்துத் தெருவில் ரிக்கார்டு கடை நடத்திய பிரையன் எப்ஸ்டீன் 1961 நவம்பரில் வந்து பார்த்துவிட்டு மேனேஜரானார். மேடையில் சாப்பிடக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, பாட்டு முடிந்ததும் குனிந்து வணங்க வேண்டும் என்று எல்லாம் மாறின. "அப்புறம் பீட் பெஸ்டைத் தூக்கினாங்க."

1962 ஆகஸ்டில் டிரம்மர் பீட் பெஸ்டை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். சில நாள் கழித்துக் கேவர்னில் ஒரே ரகளை. பீட்தான் வேண்டும், ரிங்கோ வேண்டாம் என்று கோஷம். அந்தக் களேபரத்தில் ஜார்ஜ் ஹாரிசனுக்குக் கண் கறுத்துப்போனது.

"இவளும் கத்தினா" என்றார் தங்கை.

"கத்தினேன். தொண்டை கட்டிடுச்சு."

"அப்புறம்?"

"ஆறு மாசத்துல ரிங்கோ பழகிட்டார்" என்று மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பென்னி லேனில் பேருந்து நின்றது. கடைகள் இருக்கிற ஒரு சாதாரணத் தெரு, அவ்வளவுதான். பெயர்ப் பலகையைத் திருடித் திருடி மாளாமல் பல இடங்களில் சுவரிலேயே பெயரை எழுதிவைத்திருந்தார்கள். பால் மெக்கார்ட்னியின் பாட்டில் வரும் முடிதிருத்தும் கடை, நாலு ரோடு நடுவே இருக்கும் ரவுண்டானா, மூலையில் பேங்க் எல்லாம் நிஜம். தீயணைப்பு நிலையமும் நிஜம், கொஞ்சம் தள்ளி இன்னொரு சாலையில் இருக்கிறது. நகரத்திலிருந்து 86-ஆம் நம்பர் பேருந்தில் ஏறினால் இங்கே இறங்கிவிடலாம். நேரம் இருந்தால் அப்படி வருவதுதான் என் யோசனை. சுற்றுலாப் பேருந்தில் படம் எடுக்க மட்டுமே நேரம் கிடைக்கிறது.

இந்தத் தெருவின் பாட்டும், நான் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோன 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' பாட்டும் ஒரே இசைத்தட்டின் இரண்டு பக்கங்கள். 1967 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முன்பு பிரிட்டனில் பீட்டில்ஸ் போட்ட பதினோரு சிங்கிள்கள் வரிசையாக முதல் இடம். இது இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. அமெரிக்காவில் டிக் கிளார்க்கின் டி.வி. நிகழ்ச்சியில் இந்தப் பாட்டுகளுக்கான படங்களைப் போட்டுவிட்டு, அரங்கில் இருந்த இளசுகளிடம் கருத்துக் கேட்டார்கள். மீசையும் அதுவுமாகத் தாத்தா மாதிரி இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். அந்தத் 'தாத்தா'க்களில் மூத்தவருக்கு வயது 26.

"முதல் இடத்துல யார் இருந்தாங்க தெரியுமா?" என்று தங்கை என் மகளிடம் கேட்டார். "எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். 'ரிலீஸ் மீ'. அந்த ரிக்கார்டை வாங்கினவங்கள்ல ஒருத்தி இதோ உட்கார்ந்திருக்கா!"

"நல்ல பாட்டு" என்றார் மூத்தவர், கொஞ்சமும் அசராமல். "குரல் கேட்கும். வார்த்தை புரியும்."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அவர் எங்க ஊர்ல பிறந்தவர்" என்றேன். நாலு பேரும் திரும்பினார்கள். எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்பது மேடைப் பெயர். அந்த மனிதர் 1936-ல் மெட்ராஸில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார். பையனாக இருந்தபோது குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. பீட்டில்ஸின் வெற்றி வரிசையை உடைத்தவர் ஒரு மெட்ராஸ்காரர் என்று நான் சொன்னதும், மூத்தவர் எனக்குக் கை கொடுத்தார். என்னவோ நானே பாடிய மாதிரி!

சிரித்து ஓய்ந்த பிறகு அவர் சொன்னதுதான் எனக்குத் தைத்தது.

"உங்களுக்கு அது வெறும் பாட்டு. எனக்கு அப்படி இல்லை, லவ். அவங்க மேடையிலேர்ந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. அப்புறம் லண்டன் போனாங்க, அமெரிக்கா போனாங்க. சரி, போகட்டும், நல்லா இருக்கட்டும். ரேடியோவுல பாட்டு வந்தா, நம்ம பசங்க குரல்னு தெரியும். அந்த ரிக்கார்டைப் போட்டேன், யார் பாடறாங்கன்னே தெரியலை. அன்னிக்குத்தான் நிஜமாவே ஊரைவிட்டுப் போயிட்டாங்கன்னு தோணுச்சு."

பேருந்தில் சத்தம் அடங்கிவிட்டது. பையன்கூட ஒரு இயர்போனைக் கழற்றினான்.

தங்கை விடவில்லை. "நீ கேவர்னுக்குப் போனே. நான்? அவங்க அங்க கடைசியா வாசிச்சப்போ எனக்குப் பன்னிரண்டு வயசு. படியில இறங்க விட்டாங்களா? நீ வீட்டுக்கு வந்து கதை சொல்லுவே. நான் உன் கோட்டை மோந்து பார்ப்பேன். எனக்கு அவ்வளவுதான் பீட்டில்ஸ்." குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அந்த ரிக்கார்டு வந்தப்போ எனக்குப் பதினைந்து வயசு. அதை மேடையில யாருமே கேட்டது கிடையாது. நீயும் கேட்டது கிடையாது. முதல் தடவையா நீயும் நானும் ஒரே இடத்துல நின்னோம்."

நாற்பது வருடமாக நானும் சிவப்புக் கட்சி பேசியிருக்கிறேன். இந்தக் கோணம் எனக்குத் தோன்றியதே இல்லை. கச்சேரியை ஊர்க்காரர்கள்தான் கேட்க முடியும். ரிக்கார்டை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மலைக்கோட்டைப் பக்கத்துக் கேசட் கடையில் நின்ற எனக்கும் அது வந்து சேர்ந்தது. நான்தான் டேப் கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன்.

அவர்கள் மாறியதற்குக் காரணமும் கச்சேரிதான். 1965-ல் நியூயார்க் ஷேய் ஸ்டேடியத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேர். அவர்கள் போட்ட கூச்சலில், மேடையில் தாங்கள் என்ன வாசிக்கிறோம் என்று அவர்களுக்கே கேட்கவில்லை. அன்றைய ஒலிபெருக்கிகளின் லட்சணம் அப்படி. மறு ஆண்டு 'ரிவால்வர்' ஆல்பம் வந்தது. அதே மாதம் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனார்கள், ஆனால் அந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைக்கூட மேடையில் வாசிக்கவில்லை. ஸ்டுடியோவில் டேப்பைத் திருப்பி ஓட்டி, வெட்டி ஒட்டிச் செய்ததை நாலு பேர் மேடையில் எப்படி வாசிப்பது? யாருக்கும் கேட்காத கச்சேரி எதற்கு என்று நிறுத்திவிட்டு ஸ்டுடியோவுக்குள் போனார்கள்.

"கத்தினது நாங்க இல்லை" என்று மூத்தவர் சட்டென்று சொன்னார். "பீட்டுக்காக ஒரு நாள் கத்தினேன். மத்த நாளெல்லாம் நாங்க பாட்டுக் கேட்டோம். கத்தினது உலகம்."

பேருந்து வுல்டன் பக்கம் ஏறியது. மரங்கள் அடர்ந்த, வசதியான பகுதி. மென்லவ் அவென்யூவில் ஜான் லெனன் தன் பெரியம்மா மிமியோடு வளர்ந்த வீடு. வெளியிலிருந்துதான் பார்த்தோம். அதையும் பாலின் வீட்டையும் நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. உள்ளே போக முன்பதிவு செய்து அவர்களுடைய வேனில்தான் வர வேண்டும். அங்கிருந்து ஒரு திருப்பம். சிவப்பு வண்ண இரும்புக் கதவு. ஸ்ட்ராபெரி ஃபீல்டு.

சால்வேஷன் ஆர்மி 1936-லிருந்து இங்கே குழந்தைகள் காப்பகம் நடத்தியது. லெனன் சிறுவனாக இருந்தபோது தோட்டத்தில் விளையாடப் போவார். கோடையில் இங்கே திருவிழா மாதிரி ஒன்று நடக்கும். சால்வேஷன் ஆர்மி பேண்டு சத்தம் கேட்டதும் பெரியம்மாவை இழுத்துக்கொண்டு ஓடுவாராம். காப்பகம் 2005-ல் மூடப்பட்டது. 2019-ல் கண்காட்சி, காபிக் கடை, கற்றல் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கான பயிற்சி என்று மறுபடி திறந்திருக்கிறார்கள். வாசலில் இருக்கும் கதவு நகல். அசல் கதவு உள்ளே தோட்டத்தில் இருக்கிறது.

இந்தப் பாட்டை லெனன் எழுத ஆரம்பித்தது 1966-ல், ஸ்பெயினில். ஒரு சினிமாவில் நடிக்கப் போன இடத்தில். கச்சேரிகள் முடிந்து, இனி என்ன என்று தெரியாமல் இருந்த நேரம். மனம் எங்கே போயிற்று பாருங்கள், பெரியம்மா வீட்டுப் பின்பக்கத்துத் தோட்டத்துக்கு! நவம்பரில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு தொடங்கியது. ஆரம்பத்தில் தள்ளாடும் குழல், மெல்லோட்ரான் என்கிற விசைப்பலகைக் கருவி. இந்துஸ்தானி பாடகர்கள் மடியில் வைத்துக்கொள்ளும் ஸ்வர்மண்டலை ஜார்ஜ் மீட்டியிருக்கிறார். இரண்டு விதமாகப் பதிவு செய்தார்கள். இரண்டும் வேறு சுருதி, வேறு வேகம். லெனனுக்கு ஒன்றின் ஆரம்பம் பிடித்தது, இன்னொன்றின் முடிவு பிடித்தது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் ஒட்டித் தரச் சொல்லிவிட்டார். ஒன்றின் வேகத்தைக் கூட்டி, மற்றதைக் குறைத்து, சரியாக ஒரு நிமிடம் ஆகும் இடத்தில் ஒட்டினார்கள். என் டேப் தள்ளாடிய காரணம் இதுதான். கடைக்காரர் சொன்னது சரி.

எனக்கு வேடிக்கையாக இருந்தது வேறொன்று. ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று மூத்தவர் அழுத அந்த இசைத்தட்டில், ஒரு பக்கம் இவர்கள் வீட்டுப் பேருந்து நிறுத்தம், மறுபக்கம் இந்தத் தோட்டம். அதற்கு முந்தைய கைதட்டல் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள், எந்த ஊரிலும் நடக்கிற காதல் அவை. லிவர்பூலே இருக்காது. இதை மூத்தவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். இதை அறுபது வருடமாகத் தங்கை சொல்லாமலா இருந்திருப்பார்?

எல்லோரும் கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மூத்தவர் இறங்க மாட்டேன் என்றார். பிறகு இறங்கினார். கைத்தடியை ஊன்றிக் கம்பிகளின் வழியே உள்ளே பார்த்தார்.

"இங்க ஒரு தடவை வந்திருக்கேன்" என்றார்.

தங்கை திரும்பினார். "எப்போ?"

"நம்ம அத்தை வுல்டன்ல இருந்தாங்களே. திருவிழாவுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. எனக்குப் பத்து வயசு. பேண்டு, எலுமிச்சை சர்பத், ஜாம் பாட்டில் விக்கிற மேஜை. நீயும் இருந்தே. நாலு வயசு. கூட்டத்துல அழுதே. அந்த மேடு வரைக்கும் உன்னைத் தூக்கிக்கிட்டே நடந்தேன்."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"உனக்கு எப்படி இருக்கும்?"

"இத்தனை வருஷத்துல சொன்னதே இல்லையே நீ?"

"நீ கேட்டதே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொண்டார். தங்கை இன்னும் கொஞ்ச நேரம் கதவருகில் நின்றார். என் மகள் அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

திரும்பும் வழியில் கட்சிப் பேச்சு இல்லை. ஜார்ஜ் பிறந்த சின்ன வரிசை வீடு, பாலின் குடும்பம் வாடகைக்கு இருந்த அரசுக் குடியிருப்பு, எல்லாம் ஜன்னலில் வந்து போயின. பேருந்து நகரத்துக்குள் வந்து மேத்யூ ஸ்ட்ரீட் அருகே இறக்கிவிட்டது.

இன்றைய மேத்யூ ஸ்ட்ரீட்டில் பழ வாசனை இல்லை. பீர் வாசனைதான். கேவர்னும் பழைய கேவர்ன் இல்லை. நிலத்தடி ரயிலுக்குக் காற்றுப் போக்கி அமைக்க வேண்டும் என்று 1973-ல் மூடி, மேலே இருந்த கட்டடத்தை இடித்தார்கள். அந்தக் காற்றுப் போக்கி கட்டப்படவே இல்லை. 1984-ல் பழைய இடத்தின் ஒரு பகுதியையும் பழைய செங்கற்களில் கொஞ்சத்தையும் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். "என் கேவர்ன் இது இல்லை" என்றார் மூத்தவர், படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கியபடி.

"ஜாஸ்காரங்களும் இதையேதான் சொன்னாங்க" என்றார் தங்கை பின்னாலிருந்து.

அது உண்மை. 1957-ல் கேவர்ன் திறந்தது ஜாஸுக்காக. அந்த ஆகஸ்டில் லெனனின் பள்ளிக்கூடத்து இசைக்குழு இங்கே எல்விஸ் பாட்டை எடுத்துவிட, ராக்கை நிறுத்து என்று முதலாளி மேடைக்குச் சீட்டு அனுப்பினாராம். 1960 ஜனவரியில் ரோரி ஸ்டார்ம் என்பவரின் குழு துணிந்து ராக் வாசித்தபோது, ஜாஸ் ரசிகர்கள் செப்புக் காசுகளை விட்டெறிந்தார்கள். கிளப் அவர்களுக்கு அபராதம் போட்டது. விழுந்த காசுகளைக் குழுவினர் பொறுக்கிக்கொண்டார்கள். அந்தக் குழுவின் டிரம்மர் யார் தெரியுமா? ரிங்கோ ஸ்டார். இரண்டு வருடம் கழித்து இதே மேடையில் பீட் பெஸ்ட் ரசிகர்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவம், இந்த நிலவறை அவருக்கு ராசியில்லை.

பகல் நேரம். செங்கல் வளைவுகளுக்கு நடுவே ஒரே ஒரு இளைஞர், கையில் கிடாரோடு ஸ்டூலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். இருபது பேர் இருப்போம். ஒரு பாட்டு முடிந்ததும், என்ன வேண்டும் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தங்கை கத்திவிட்டார்: "ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்!"

"அதை எப்படி ஒத்தைக் கிடார்ல வாசிப்பாராம்?" என்றார் மூத்தவர், வெற்றிப் புன்னகையோடு என் பக்கம் சாய்ந்து. "நான் சொல்லலை?"

அந்த இளைஞர் தலையாட்டிவிட்டு ஆரம்பித்தார். மெல்லோட்ரான் இல்லை, ஸ்வர்மண்டல் இல்லை, ஒட்டுப் போட்ட டேப் இல்லை. லெனன் ஸ்பெயினில் இதை எழுதியபோது இப்படித்தான் இருந்திருக்கும், ஒரு கிடாரும் ஒரு குரலும். மெதுவாக, வார்த்தை வார்த்தையாகப் பாடினார். நாற்பது வருடத்தில் முதன்முறையாக இந்தப் பாட்டை நான் கடைசிவரை கேட்டேன் என்று சொன்னால் மகள் நம்பமாட்டாள், ஆனால் அதுதான் நிஜம். அவள் என்னைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை மேடையைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்தவரின் கால் தாளம் போடவில்லை. கைத்தடியின் பிடியில் இரண்டு கைகளையும் வைத்து, அதன் மேல் தாடையை ஊன்றியிருந்தார். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும் நிமிர்ந்தார்.

"இப்படியே ரிக்கார்டு பண்ணியிருக்கலாமே. யார் வேண்டாம்னாங்க?"

"இப்படிப் பண்ணியிருந்தா எல்லாப் பாட்டையும் போல அதுவும் ஒண்ணா ஆகியிருக்கும்" என்றார் தங்கை.

"ஆகட்டுமே. என்ன தப்பு?"

"அந்தக் குழல் சத்தம் இல்லாம..."

"அந்தக் குழல்தான் என் தலைவலியே!"

பேரன் இரண்டு பாட்டிகளுக்கும் காபி வாங்கப் போனான். எங்கள் ரயிலுக்கு இருபத்தைந்து நிமிடம்தான் இருந்தது. விடைபெற்றுக்கொண்டு படியேறினோம். தெரு வாசலுக்கு வந்த பிறகும் அந்த இரண்டு குரலும் கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தன.